காசு கொடுத்துக் களை எடுக்கப் போகிறார்களா? இயற்கைப் பண்ணையில் தன்னார்வலர் வாழ்க்கை எப்படி இருக்கும்?

காலை 5.20 மணி. என்னை எழுப்பியது அலாரம் இல்லை, மயில். சென்னையில் எங்கேயாவது மயில் அகவினால் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடுவோம். இங்கே கொட்டகைக்கு வெளியே ஒருவர் "ச்சூ... ச்சூ..." என்று கத்தியபடி கையில் கல்லோடு ஓடிக்கொண்டிருந்தார். முந்தின நாள் விதைத்த நிலக்கடலையை மயில் கிளறித் தின்றுவிடுமாம்.

செஞ்சிக்குப் பக்கத்தில், செம்மண் பூமியில், சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இயற்கை வேளாண் கல்விப் பண்ணை அது. ஆறு நாள் தன்னார்வலராக வேலை செய்யப் போயிருந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் சிம்பிள். ஒரு முறை வீடியோ ஒன்று வைரலாகி, அதற்கப்புறம் சனி, ஞாயிறுகளில் ரீல்ஸ் எடுக்கவே கூட்டம் வந்ததாம். நாற்றங்காலை மிதித்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

நான் ஏன் போனேன்? நைட் ஷிஃப்ட், டெட்லைன், கழுத்து வலி, இத்தியாதி. உங்களுக்குத் தெரிந்த கதைதான். 'பேசாம ஊர்ப்பக்கம் போய் ஒரு ஏக்கர் வாங்கி...' என்று நண்பர்கள் குரூப்பில் மாதம் ஒரு முறையாவது யாராவது ஆரம்பிப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பார்ப்போமே என்று கிளம்பினேன்.

கரும்பலகையில் என் பெயர்

சுக்குக் காபி குடித்து முடித்ததும் ஆறு மணிக்கு எல்லோரும் ஒரு கரும்பலகை முன்னால் கூடுகிறோம். களை, மூடாக்கு, மாடு, சமையல், கழிவறை என்று வேலைகள் வரிசையாக எழுதியிருக்கின்றன. பக்கத்தில் பெயர்கள். முதல் நாளே என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. களை, கழிவறை.

கழிவறை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், நான் சுளித்துவிட்டேன். அது தண்ணீர் ஊற்றாத உலர் கழிவறை. போய்விட்டு வந்ததும் மேலே ஒரு கை மரத்தூளும் சாம்பலும் தூவ வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த குழிக்கு மாறுவார்கள். மூடிய குழி ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்து மக்கும். பிறகு அது மா, கொய்யா மரங்களுக்குப் போகும். கீரைப் பாத்திக்குக் கண்டிப்பாகப் போகாது. என் வேலை மரத்தூள் வாளியை நிரப்புவதும், தரையைப் பெருக்குவதும். நாற்றம்? நம் ரயில்வே ஸ்டேஷன்களோடு ஒப்பிட்டால் சொர்க்கம்.

காலை ஆறு முதல் எட்டரை வரை ஒரு சுற்று வேலை. கூழ் அல்லது களி, இல்லையென்றால் உப்புமா. ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை இன்னொரு சுற்று. வெயில் ஏறியதும் நிழலுக்கு வந்துவிடலாம். மாலை மூன்றரைக்கு வகுப்பு, ஐந்து மணிக்குத் தண்ணீர் பாய்ச்சல். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து, ஐந்தரை மணி நேர வேலைதான். நாம் ஆபீஸில் பார்ப்பதைவிடக் குறைவு. ஆனால், இரண்டாம் நாள் காலையில் என்னால் கட்டிலில் இருந்து நேராக எழ முடியவில்லை. உருண்டுதான் எழுந்தேன்.

நான் பிடுங்கிப் போட்ட மதியச் சாப்பாடு

களை எடுப்பது ஈஸி என்று நினைத்தேன். கத்தரிச் செடி எது என்று காட்டினார்கள். அதைத் தவிர மற்ற எல்லாம் களை, அவ்வளவுதானே? ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பாத்தியைப் பளபளவென்று சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தேன். பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து கூலி வேலைக்கு வருபவர். பண்ணையில் எல்லோருக்கும் அவர் 'பெரியக்கா'. நான் குவித்து வைத்திருந்ததைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பண்ணைக்கீரையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்ட? மத்தியானக் குழம்புக்கு விட்டு வெச்சிருந்தேன்."

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை... இவையெல்லாம் யாரும் விதைக்காமல் காட்டில் தானாக முளைப்பவை. புத்தகப்படி களை. அடுப்படிப்படி சாப்பாடு. நல்ல வேளையாக வாடுவதற்குள் பெரியக்கா அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பிறகு, நான் சுத்தம் செய்த இடத்தில் களைக்கொத்தியை ஒரு கொத்து கொத்தி, மண்ணுக்கடியிலிருந்து கறுப்பாகக் கோலிக்குண்டு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். கோரைக்கிழங்கு.

"மேல இருக்கிறத மட்டும் கிள்ளிட்டா போயிடுமா? இது உள்ள இருந்தா நாலே நாள்ல திரும்பித் தல தூக்கும்."

ஆக, எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை எடுத்திருக்கிறேன். மீதி இருந்த நேரம் முழுக்கக் கிழங்கு தோண்டுவதில் போனது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

பண்ணையில் தங்கி, வேலை செய்து, பதிலுக்குச் சாப்பாடும் கற்றலும் பெறுவது ஒன்றும் இன்ஸ்டாகிராம் கண்டுபிடிப்பு இல்லை. 1971-ல் லண்டனில் செக்ரட்டரியாக வேலை பார்த்த சூ கொப்பார்ட் என்ற பெண்ணுக்கு நம் பிரச்னைதான் இருந்தது. கிராமத்துக்குப் போக ஆசை, ஆனால் அங்கே யாரையும் தெரியாது. சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியைச் சேர்ந்த ஒரு பண்ணையில் பேசி, ஒரு வார இறுதிக்கு நான்கு பேராகப் போய் வேலை செய்தார்கள். அதுதான் இன்று 'வூஃப்' என்று உலகம் முழுக்க அறியப்படும் அமைப்பின் தொடக்கம். உறுப்பினராகச் சேர்ந்தால் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேர உதவி, பதிலுக்கு இடமும் சாப்பாடும். பணம் கைமாறக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தியாவிலும் இருக்கிறது.

ஜப்பானில் மசனோபு ஃபுகோகாவின் தோட்டத்திலும் இப்படி இளைஞர்கள் மண் குடிசைகளில் தங்கி வேலை செய்தார்கள். 1975-ல் வெளிவந்த அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' 1978-ல் ஆங்கிலத்துக்குப் போனது. அந்த மொழிபெயர்ப்பில் கைகொடுத்த லாரி கோர்ன் என்ற அமெரிக்கர், அப்படி அங்கே தங்கி வேலை செய்தவர்தான். தமிழிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் வீட்டு அலமாரியில் கட்டாயம் ஒரு பிரதி பார்க்கலாம்.

நம் ஊருக்கு வந்தால், முதலில் நினைவுக்கு வரும் பெயர் கோ.நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தவர். மானாவாரி விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி பயன்படவில்லை என்று வேலையை விட்டு வெளியே வந்தவர். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம், வறண்ட நிலத்தில் அவர் உருவாக்கிய 'வானகம்' இன்றும் பயிற்சிகள் நடத்துகிறது. 2013 டிசம்பர் 30-ல் அவர் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் இது வேறு முகம். அங்கே இருக்கும் சாலிட்யூட் பண்ணையை நடத்துபவர் கிருஷ்ணா மெக்கன்சி. இங்கிலாந்துக்காரர். அவர் தமிழில் மூக்கிரட்டை, முடக்கத்தான் பற்றிப் பேசும் வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் பண்ணையைவிடக் காட்டுக்கு நெருக்கமானது. தன்னார்வலர்களை வைத்துக்கொண்டே, அரித்துப்போன செம்மண்ணில் மழைநீரைத் தேக்கி, இந்தப் பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்கும் வேலை அங்கே நடக்கிறது.

பெரியக்காவின் கேள்வி

சரி, விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் நாள் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியக்கா கேட்டார்.

"உனக்கு நாளைக்கு எவ்ளோ குடுக்குறாங்க?"

"எனக்குக் குடுக்கல அக்கா. நான்தான் சாப்பாட்டுக்கு, தங்குறதுக்கு நாளைக்கு 500 ரூபா குடுக்குறேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவருக்கு மதியம் ஒரு மணி வரை வேலை செய்தால் 350 ரூபாய் கூலி.

"நாங்க கூலி வாங்கிக்கினு களை எடுக்குறோம். நீங்க கூலி குடுத்துக் களை எடுக்குறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது வேறு. அதற்கு முந்தின வருடம் ஒரு கல்லூரியிலிருந்து இருபது பிள்ளைகள் ஒரு வாரம் வந்து தங்கினார்களாம். உளுந்துக் காட்டில் களை எடுத்தார்களாம். "அந்த வாரம் எங்களுக்கு வேலை இல்லன்ட்டாங்க. நாலு பேருக்கு ஒரு வாரக் கூலி போச்சு. பசங்க நல்ல பசங்கதான். பாட்டெல்லாம் பாடிச்சுங்க."

இலவச உழைப்பு என்று நாம் நினைப்பது உண்மையில் யாரோ ஒருவருடைய கூலியாக இருக்கலாம். இதை எந்த 'டிராவல் விலாக்'கிலும் நான் கேட்டதில்லை.

அன்று மாலை பண்ணையை ஒருங்கிணைக்கும் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். நாற்பதுகளில் இருப்பவர், ஒரு காலத்தில் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். மழுப்பவில்லை.

"உண்மைதான். எங்க தப்பு அது. பெரியக்கா வந்து சண்டை போட்ட பிறகுதான் எங்களுக்கே உறைச்சுது. இப்ப நடவு, பெரிய களை, அறுவடை மூணும் ஊர்க்காரங்களுக்குத்தான். தன்னார்வலர்கள் பக்கத்துல நின்னு கத்துக்கலாம், அவங்க இடத்துக்கு வரக் கூடாது. காய்கறிப் பாத்தி, மூடாக்கு, உரக்குழி, விதை சுத்தம் பண்றது... கூலிக்கு ஆள் வெச்சு எங்களால செய்ய முடியாத வேலைகளை மட்டும்தான் உங்களுக்குக் குடுக்குறோம்."

அப்படியென்றால் எங்களால் பண்ணைக்கு லாபமா?

"முதல் வாரம் நீங்க நஷ்டம்" என்றார் கூசாமல். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும். பிடுங்கக் கூடாததைப் பிடுங்குவோம் (என்னைப் பார்த்தார்). களைக்கொத்தியைத் தொலைப்போம். இரண்டாம் வாரத்தில்தான் கை பழகும். அதனால்தான் பல பண்ணைகள் இரண்டு வாரமாவது தங்கச் சொல்கின்றன. பிறகு ஏன் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதிலில் தத்துவம் எதுவும் இல்லை. "மார்க்கெட்ல எங்க கத்தரிக்காய்க்குத் தனி விலை கிடையாது. சொத்தை இருக்குன்னு குறைச்சுத்தான் கேப்பான். இங்க வந்து தங்கிட்டுப் போனவங்கதான் எங்க அரிசியும் எண்ணெயும் வாங்குறாங்க. அந்த சொத்தை ஏன் வருதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

மாலை வகுப்பு புளியமரத்தடியில். அதிகம் நேரம் எடுத்துக்கொண்டது மண். செம்மண்ணில் மூடாக்கு போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் தோண்டச் சொன்னார்கள். வெறும் மண் மேலே காய்ந்து ஓடு மாதிரி பெயர்ந்தது. வைக்கோலும் சருகும் மூடியிருந்த இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கீழேயே ஈரம், மண்புழு. பவர்பாயின்ட் தேவைப்படவில்லை.

வளமில்லாத நிலத்துக்குப் பலதானிய விதைப்பு. சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பை, தக்கைப்பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் கலந்து வீசி, 50-60 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுவது. வேர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்துக்குப் போகும், பயறுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும்.

ஜீவாமிர்தம் நாங்களே கலக்கினோம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணி, 5 முதல் 10 லிட்டர் மாட்டுச் சிறுநீர், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் தயார். ஓர் ஏக்கருக்குப் போதும். சுபாஷ் பாலேக்கரின் இந்த முறையை வேளாண் விஞ்ஞானிகளில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, இதை வைத்தே பயிருக்கு வேண்டிய முழுச் சத்தையும் கொடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு வேளாண் கல்லூரி மாணவர் எழுப்பியபோது யாரும் அவர் மீது பாயவில்லை. "அதான் தொழு உரமும் போடுறோம்" என்று முடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. இயற்கை விவசாயம் பேசும் மேடைகளில் எல்லா வியாதிக்கும் மருந்து சொல்பவர்களைப் பார்த்துப் பயந்து போயிருந்தேன்.

இன்னொன்று, அவசரம். ஒரு நிலத்துக்கு இயற்கைச் சான்று வாங்கவே, பருவப் பயிர் என்றால் இரண்டு ஆண்டுகள் மாற்றக் காலம் காத்திருக்க வேண்டும், மரப்பயிர் என்றால் மூன்று. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். விளைச்சல் சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். ஒருங்கிணைப்பாளர் அண்ணன் இதை வகுப்பில் சொல்லிவிட்டு, "நாங்க பதினோரு ஏக்கரையும் மாத்த ஏழு வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷம் என் மனைவி சம்பளத்துலதான் ஓடுச்சு" என்றார். வேலையை விட்டுவிட்டு ஏக்கர் வாங்கும் குரூப் நண்பர்கள் கவனிக்க.

சனிக்கிழமை பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்குப் பூச்சி வகுப்பு. இலைக்கு அடியில் இருப்பது நன்மை செய்யும் பூச்சியா, தீமை செய்வதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பொறிவண்டின் புழுவைக் காட்டி, "அக்கா, இது பாக்க முதலை மாதிரி இருக்கும், ஆனா அசுவினியத் தின்னும், கொல்லக் கூடாது" என்று எனக்குச் சொல்லித் தந்தான். நான் அதை நசுக்கத்தான் விரலைக் கொண்டுபோயிருந்தேன். கல்விப் பண்ணை என்ற பெயர் எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

நீங்கள் போவதாக இருந்தால்?

போனிலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது, பெண்கள் தங்க தனி இடம் இருக்கிறதா, கழிவறை எப்படி. இவையெல்லாம் கூச்சப்பட வேண்டிய கேள்விகள் இல்லை. கூடவே, 'ஊரில் இருந்து கூலிக்கு வருபவர்களுக்கு எங்களால் வேலை குறையுமா?' என்றும் கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் விதம் நிறையச் சொல்லும்.

முழுக்கைச் சட்டை, தொப்பி, டார்ச், கணுக்கால் மூடும் செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில். டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள், முள்ளும் துருப்பிடித்த கம்பியும் உங்களைக் கேட்டுக்கொண்டு குத்தாது. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் வயல்களில் உண்டு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108-க்கு அழைத்து, நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அருகில் எந்த மருத்துவமனை என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாள் போதுமா என்றால், போதாது. ஒரு விதை முளைப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். முடிந்தால் ஒரே பண்ணைக்கு வெவ்வேறு பட்டத்தில் போங்கள். ஆடியில் விதைத்தவர் தையில் அறுவடைக்கு வந்தால்தான் நடுவில் என்னென்ன தவறியது என்று தெரியும்.

கிளம்பும் நாள்

கடைசி நாள் காலை பெரியக்கா என் போனை வாங்கி ஓர் எண்ணைப் பதியச் சொன்னார். அவருடைய மகள் எண். திண்டிவனத்தில் பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறாள்.

"நீ வேலை செய்யிற மாதிரி கம்பெனில எதனா இருந்தா சொல்லும்மா. இந்த வெயில்ல அவ நிக்கக் கூடாது."

நான் அந்த கம்பெனியிலிருந்து தப்பித்துத்தான் இந்த வெயிலுக்கு வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றேன். ஊர் திரும்பிய வாரம் அந்தப் பெண்ணிடம் பேசினேன். ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறாள். தெரிந்த இரண்டு இடங்களில் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பஸ் ஏறும் முன் பெரியக்கா ஒரு காகிதப் பொட்டலத்தையும் கையில் திணித்தார். உள்ளே கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று விதைகள். பண்ணைக்கீரை. "இத வெச்சு அடையாளம் கத்துக்கோ. அடுத்த தடவ பிடுங்காத."

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்கினால், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். நானும் இரண்டு பொட்டலமாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். "இது காட்டுல சும்மா கெடக்குது, இதப் போய்..." என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது என் பால்கனித் தொட்டியில் அது நான்கு இலை விட்டிருக்கிறது. பண்ணையிலிருந்து ஒரு பை மண்ணும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதிலிருந்து கோரையும் வந்திருக்கிறது.